அரண்மனைக்குப் போகும் வழி: கல்லாற்றிலிருந்து ஒரு மிதிவண்டித் திட்டம்

பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டையூசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால், கல்லாற்றங்கரையில், நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். ஓணம் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தோம். வந்த முதல் நாளிலிருந்து மழை. ஆற்றில் இறங்க முடியவில்லை. மீன்முட்டி அருவிக்கும் போக முடியவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். அந்த மழைதான் இப்பதிவுக்குக் காரணம். சற்றே நீளமானது, பொறுத்தருள்க.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பிரான்சின் லுவார் ஆற்றோரமாக ஒரு குடும்பம் மிதிவண்டியில் செல்லும் ஆவணப்படம் ஒன்றை அவள் இங்கே பார்த்தாள். தாய், தந்தை, இரு பிள்ளைகள். காலையில் ஓர் அரண்மனை, மாலையில் ஓர் அரண்மனை, இடையில் ஆற்றங்கரையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். படம் முடிந்ததும், “அப்பா, நாமளும் இப்படிப் போகலாமா?” என்று கேட்டாள். ஆய்வு உதவித்தொகை எந்த மாதத்தில் வரும் என்றே தெரியாமல் வாழ்கிறவனிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லைதான். ஆனால் நான் இல்லை என்று சொல்லவில்லை. “நமக்கும் ஆறு இருக்கிறது, கோட்டை இருக்கிறது, கொட்டாரம் இருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் போவோம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு நிலப்படத்தை விரித்துக் கோடு போட உட்கார்ந்தோம். கோடு போடப் போட, வரலாற்று மாணவனாக நான் முன்பு ஒழுங்காகக் கேட்டிராத ஒரு கேள்வி எழுந்தது. அரண்மனையைக் கட்டியவர் யார், எந்த ஆண்டு, என்ன பாணி என்பதையெல்லாம் எழுதிப் பழகியிருக்கிறோம். அரண்மனை வரைக்கும் போகிற சாலையில் யார் போக முடிந்தது?

முதலில் லுவாரையே எடுத்துக்கொள்வோம். சுல்லி நகரிலிருந்து ஷலோன் வரையிலான அப்பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆற்றை ஒட்டிக் கடல்வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு மிதிவண்டித் தடம் உள்ளது. அத்தடத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடாத இடம் ஷாம்போர். முதலாம் பிரான்சுவா மன்னன் 1519இல் தொடங்கிய மாளிகை. ஒன்றையொன்று சுற்றிச் செல்லும் இரட்டைச் சுருள் படிக்கட்டு அதன் புகழ். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிர்ப்படுவதில்லை. தன் நீண்ட ஆட்சியில் அம்மன்னன் அங்கே தங்கிய நாட்களை வாரக் கணக்கில் எண்ணிவிடலாம். மாளிகையைவிட என்னை நிறுத்தியது அதன் வேட்டைக்காட்டைச் சுற்றியுள்ள மதில். அதன் நீளம் 32 கிலோமீட்டர். இந்தத் திண்ணையிலிருந்து நெடுமங்காடு போய்ச் சேரும் தொலைவைவிட அதிகம். அத்தனை தொலைவுக்கு ஒரு சுவர் எழுப்பி, உள்ளே இருக்கும் மானும் பன்றியும் மன்னனுக்கு மட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று அச்சுவரின் வாயில்கள் வழியாகச் சிறுபிள்ளைகள் மணியடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

இந்த மாற்றம் தானாக வரவில்லை. பிரான்சின் புகழ்பெற்ற நெடுஞ்சாலைகள் 18ஆம் நூற்றாண்டில் குடியானவர்களின் கூலியில்லா உழைப்பால் போடப்பட்டவை. ‘கொர்வே’ என்று அதற்குப் பெயர். 1738இல் நிதியமைச்சர் ஓரி அதை நாடு முழுவதற்கும் பரவலாக்கினார். ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் வண்டியும் மாடும் கொண்டுவந்து கல் சுமக்க வேண்டும். பிரபுக்களுக்கும் குருமார்களுக்கும் விலக்கு. 1776இல் துர்கோ அதை ஒழித்து ஆணையிட்டார். சில மாதங்களில் அவர் பதவி போயிற்று, கொர்வே திரும்பி வந்தது. ஒழிந்தது புரட்சியின் வாசலில்தான்.

சாலை கிடைத்தாலும் அதில் ஊர் சுற்ற ஓய்வுநாள் வேண்டுமல்லவா? பிரெஞ்சுத் தொழிலாளிக்கு அது 1936இல் கிடைத்தது. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் ஆலைகளை உள்ளிருந்தே மறித்து நடந்த பெருவேலைநிறுத்தங்களுக்குப் பின், மக்கள் முன்னணி அரசு சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் பாரிஸ் தொழிலாளர்கள் இருவர் மிதிக்கும் வண்டிகளில் கடலையும் ஆற்றையும் பார்க்கப் புறப்பட்ட நிழற்படங்கள் இன்றும் புகழ்பெற்றவை. என் மகள் பார்த்த ஆவணப்படக் குடும்பத்துக்கு அவர்களே முன்னோடிகள். பாடநூல்களில் இரு வேறு தாள்களில் இருப்பதால் நாம் சேர்த்துப் பார்க்காத ஒரு செய்தி உண்டு. அதே 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள்தான் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியாயிற்று. ஜூனில் அங்கே தொழிலாளிக்கு விடுமுறை. நவம்பரில் இங்கே கோயில் நடை திறப்பு. இவ்விரண்டையும் காரணகாரியமாக இணைக்க நான் முயலவில்லை. ஒரே தலைமுறை இரு கண்டங்களில் எதற்காகக் காத்திருந்தது என்பதைக் காட்ட இந்த ஒற்றை ஆண்டு போதும் என்று மட்டும் கருதுகிறேன்.

எங்கள் வழிக்கு வருகிறேன். முதல் யோசனை மகளுடையது: லுவாரைப் போலவே ஆற்றோடு போவது. கல்லாறு இங்கிருந்து இறங்கி வாமனபுரம் ஆறாகி, ஆற்றிங்கல் வழியாக அஞ்சுதெங்குக் காயலில் சேர்கிறது. மலையிலிருந்து கடல்வரை ஒரே நீர். அந்த நீரின் கடைசியில் ஒரு கோட்டையும் உண்டு. 1684இல் ஆற்றிங்கல் ராணியிடம் இடம் பெற்று, அடுத்த பத்தாண்டுகளில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி எழுப்பிய அஞ்சுதெங்குக் கோட்டை. 1721 ஏப்ரலில் ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசுப்பொருள் கொண்டுபோன ஆங்கிலேயர் ஏறக்குறைய 140 பேரை ஊர்மக்கள் ஆற்றங்கரையில் கொன்று தீர்த்தனர். மிளகு விலையில் செய்த மோசடியும் செருக்கும் காரணம். பிளாசிக்கு 36 ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி. பிரெஞ்சுத் தொடர்பு தேடுகிறவர்களுக்கு ஒரு துணுக்கு: அஞ்சுதெங்கில் பிறந்த எலைசா டிரேப்பர் என்னும் ஆங்கிலப் பெண்ணுக்காக இந்தச் சிற்றூரைப் புகழ்ந்து, இரு இந்தியாக்களின் வரலாறு எழுதிய பிரெஞ்சுத் துறவி ரேனால் உருகியிருக்கிறார். ஊரைக் காணாமலே உருகியிருக்கிறார் என்பது கூடுதல் சுவை.

அழகான வழிதான். ஆனால் ஆற்றை ஒட்டித் தொடர்ச்சியான பாதை கிடையாது. ரப்பர்த் தோட்டங்களும் வீட்டு மதில்களும் கரைவரை வந்துவிடுகின்றன. பாதைக்காக ஆற்றைப் பத்து முறை விட்டு விலகிப் பத்து முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு மேடு. ஒன்பது வயது மகனை வைத்துக்கொண்டு அது ஆகாது என்று என் துணைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார். பயணத் திட்டங்களில் இறுதித் தீர்ப்பு எப்போதும் அவருடையது.

அடுத்த யோசனை தெற்கு: நெடுமங்காடு, திருவனந்தபுரம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, குழித்துறை, தக்கலை. முடிவில் பத்மநாபபுரம் அரண்மனையும் உதயகிரிக் கோட்டையும். மொத்தம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பெரியவர் ஒருவர் ஒரே நாளில் மிதித்துவிடுவார். சிறுவனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தகும்? எங்கே தங்குவது? இதற்கு விடை எந்தச் சுற்றுலா நூலிலும் கிடைக்கவில்லை. நவராத்திரி ஊர்வலத்தில் கிடைத்தது.

ஆண்டுதோறும் பத்மநாபபுரம் அரண்மனையிலுள்ள சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் மன்னரின் உடைவாளோடு நடைப்பயணமாகத் திருவனந்தபுரம் வந்து சேரும். மூன்று நாள் பயணம். முதலிரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை. எல்லையில் களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்வர். யானையும் பல்லக்கும் தீவட்டியும் போகக்கூடிய ஒரு நாள் தொலைவு எது, நிழலும் தண்ணீரும் எங்கே என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கால்களே கணக்கிட்டு வைத்திருக்கின்றன. இருபது கிலோமீட்டருக்கு ஓர் இரவு. ஒன்பது வயதுச் சிறுவனுக்கும் அதே கணக்கு. எனவே தெய்வங்கள் வரும் வழியில் நாங்கள் எதிர்த்திசையில் போவதாக முடிவாயிற்று.

முதல் நாள், கல்லாற்றிலிருந்து விதுரை வழியாக நெடுமங்காடு. முப்பது கிலோமீட்டருக்குள்தான், பெரும்பகுதி இறக்கம். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிக்கொண்டால் போதும். நெடுமங்காட்டில் கோயிக்கல் அரண்மனை உண்டு. உமையம்மை ராணியோடு தொடர்புபடுத்தப்படும் 17ஆம் நூற்றாண்டு நாலுகெட்டு. மரமும் ஓடும் நடுமுற்றமுமாக, அரண்மனை என்னும் சொல்லுக்கு நம் மனத்தில் எழும் பிரம்மாண்டம் எதுவும் இல்லாத வீடு. ஷாம்போரைப் பார்த்த கண்ணுக்கு இது மாட்டுத்தொழுவம் போலத் தோன்றக்கூடும் என்று மகளை எச்சரித்து வைத்திருக்கிறேன். இப்போது அங்கே தொல்லியல் துறையின் நாட்டார் கலைக்கூடமும் நாணயக்கூடமும் இயங்குகின்றன.

ஆனால் நெடுமங்காட்டில் நாங்கள் அதிக நேரம் நிற்கப்போவது கோயிக்கலில் இல்லை, சந்தையில். மலைச்சரக்கு இறங்கும் பழைய சந்தை அது. புலையர் முதலான மக்கள் விளைவித்த பொருள் அங்கே விற்பனையாகும். விளைவித்தவர் உள்ளே நுழைய இயலாது. அந்தச் சந்தைக்குள் தம் மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தவர் அய்யன்காளி. 1863இல் விழிஞ்ஞத்துக்கு அருகே வெங்ஙானூரில் பிறந்தவர். அவருடைய முதற்செயல் அதற்கும் முந்தியது. ஒரு வண்டியைப் பற்றியது. 1893இல் சொந்தமாக வில்லுவண்டி ஒன்று வாங்கினார். வெள்ளை வேட்டி, மேலாடை, தலைப்பாகை அணிந்து, மணி கட்டிய காளைகளைப் பூட்டி, தம்மவர்க்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். வழிமறித்தார்கள்; அவர் இறங்கவில்லை.

இதைச் சமூகச் சீர்திருத்த வரலாற்றின் ஓர் இயலாகவே படித்திருக்கிறேன். வண்டிகளின் வரலாறாகப் படித்ததில்லை. இங்கிலாந்தில் இருசக்கரமும் ஒரே அளவான ‘பாதுகாப்பு மிதிவண்டி’ 1885இல் வந்தது. டன்லப்பின் காற்றடைத்த சக்கரம் 1888இல். ஐரோப்பா முழுவதும் மிதிவண்டிப் பித்துப் பிடித்து அலைந்த ஆண்டுகளில்தான் வெங்ஙானூரில் ஒருவர் மாட்டுவண்டியில் ஏறி உட்காருவதே கிளர்ச்சியாக இருந்தது. சாலையின் வரலாற்றை யார் போட்டார், எவ்வளவு அகலம் என்று எழுதினால் இது விடுபட்டுப் போகும். போட்ட நாளிலிருந்தே ‘பொது’ச் சாலை என்று அதற்குப் பெயர். அப்பெயரை உண்மையாக்கியவர்கள் பொதுப்பணித் துறைக்கு வெளியே இருந்தார்கள்.

இரண்டாம் நாள் நெடுமங்காட்டிலிருந்து பேரூர்க்கடை வழியாகத் தலைநகர். இந்தச் சாலை நகருக்குள் நுழையும் இடத்தில் கவடியார் அரண்மனை. அரச குடும்பத்தின் இல்லம், பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அதன் வாயிலிலிருந்து வெள்ளையம்பலம் நோக்கி நேராக ஓடும் அகன்ற வீதிக்கு ராஜபாதை என்று பெயர். அந்த ராஜபாதையின் மறுமுனையில், வெள்ளையம்பலச் சந்திப்பில், அய்யன்காளியின் சிலை நிற்கிறது. 1980இல் இந்திரா காந்தி திறந்துவைத்தது. ஒருமுனையில் அரண்மனை, மறுமுனையில் அவர். நடுவே நாள் முழுதும் வாகனங்கள். இதைத் திட்டமிட்டு அமைத்தார்களா என்று அறியேன். திட்டமிடாமல் அமைந்திருந்தால் நகரம் நம்மைவிட அறிவுள்ளது. பிள்ளைகளை அங்கே நிறுத்தி ஒரு படம் எடுப்பதோடு இரண்டாம் நாள் பாடம் முடியும். கோட்டைக்குள் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகையின் 122 மரக்குதிரைகளை எண்ணும் பொறுப்பை மகன் ஏற்றிருக்கிறான்.

மூன்றாம் நாள் பாலராமபுரம். கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊர். பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப்பகுதியிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய சாலியர்களால் உருவானது. நல்ல முண்டு வாங்க வருகிறவர்களுக்கு அங்குள்ள சாலியர் தெருவின் மற்றொரு நினைவு தெரிந்திருக்க நியாயமில்லை. வில்லுவண்டிப் பயணத்தைத் தொடர்ந்து சாலையில் நடக்கும் உரிமைக்காக அய்யன்காளியின் மக்கள் திரண்டு சென்றபோது பெருமோதல் நடந்த இடம் அது. இருபுறமும் குருதி சிந்தியது. அங்கிருந்து அது பிற ஊர்களுக்கும் பரவியது. அதன் விளைவாகவே அடுத்த சில ஆண்டுகளில் திருவிதாங்கூரின் பெரும்பாலான சாலைகள் எல்லாருக்கும் உரியவை ஆயின. கோயிலைச் சுற்றியிருந்த சாலைகள் மட்டும் மிஞ்சின. அவற்றுக்காக 1924இல் வைக்கம் தேவைப்பட்டது. பெரியார் சிறைபுகுந்த அப்போராட்டம் கோயில் நுழைவுக்கானது என்றே இன்றும் பலர் மேடையில் பேசுகிறார்கள். அதன் உடனடிக் கோரிக்கை சாலை.

நெய்யாற்றின்கரையில் இரவு. அங்கே கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ உண்டு. இளவரசராக இருந்தபோது பகைவரிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் பொந்துள்ள பலாமரம். மன்னன் ஒருவன் வழியில் ஒளிந்து ஒளிந்து போன கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நான்காம் நாள் குழித்துறை. எல்லை தாண்டுவது சக்கரத்துக்குத் தெரியாது. தேநீர்க்கடைப் பலகையின் எழுத்து மாறும்போதுதான் தெரியும். அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. லாரிகள் அதிகம், விடியுமுன் கிளம்ப வேண்டும்.

ஐந்தாம் நாள் பத்மநாபபுரம். இந்த இடத்தில்தான் நிலப்படத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த பென்சில் நின்றது.

என் தாயார் தக்கலைக்குப் பக்கத்துக் கிராமத்தவர். பனையேறிய குடும்பம். எங்களோடு கல்லாற்றுக்கு வந்திருந்தார். திண்ணை மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டவர், மகளிடம் சொன்னார்: “கொட்டாரத்துக்கு நம்ம ஆளுக போகாம இருந்ததில்ல மக்களே. ஓலை சொமந்து போனாவ. வாசலு வரைக்கும். காசும் கெடையாது, கஞ்சியும் கெடையாது.” அவருக்கு அவருடைய பாட்டி சொன்னது, அந்தப் பாட்டிக்கு அவருடைய தாய் சொன்னது. அவர்கள் அதை ‘ஊழியம்’ என்றார்கள். அரசாங்கப் பதிவுகளிலும் அதே சொல்தான்.

ஊழியம் என்னும் சொல்லை இன்று நாம் மரியாதையோடு வழங்குகிறோம்: அரசு ஊழியர், இறை ஊழியம். தென்திருவிதாங்கூரில் அதன் பழைய பொருள் கூலியில்லாக் கட்டாய வேலை. கூரைக்கு ஓலை, அடுப்புக்கு விறகு, யானைக்குத் தழை, உப்புச் சுமை, கோட்டைக்குக் கல். இந்தச் சாதிக்கு இன்ன சுமை என்று வகுத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்த மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. அந்த ஒரு நாள் ஓய்வுக்கு நாஞ்சில் நாட்டிலும் கல்குளத்திலும் என்ன மதிப்பு இருந்தது என்பதை, மதமாற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாரத்தில் ஒரு நாள் சுமை தூக்காமல் இருக்கலாம் என்பது மறையியல் கேள்வியைவிட மிகப் பெரியது. பிரெஞ்சு ‘கொர்வே’க்குத் தமிழ்ச் சொல் தேடி அலைந்த எனக்கு அது என் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

பத்மநாபபுரம் பற்றி நாம் அறிந்தது ஏராளம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது; 1744 அளவில் மார்த்தாண்ட வர்மா விரிவாக்கிக் கல்குளம் என்ற ஊருக்கே இப்பெயர் இட்டது; 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயரும்வரை அரசின் இருக்கை. கரி, சுண்ணாம்பு, முட்டைவெண்கரு முதலியவை சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்த கருந்தரை. மூலிகை மரங்களால் ஆன கட்டில். ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உண்ணத்தக்க ஊட்டுப்புரை. தச்சுவேலையின் நேர்த்திக்கு முன் நின்று வியக்காதவர் இல்லை. நானும் பலமுறை வியந்திருக்கிறேன். 1956இல் கல்குளம் தமிழகத்தோடு சேர்ந்தபின்னும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, நன்றாகவே பராமரிக்கிறார்கள். ஆனால் அந்த ஊட்டுப்புரையின் முன் இனி நிற்கும்போது, ஆயிரம் பேர் உண்டார்கள் என்பதோடு கஞ்சியும் கிடைக்காமல் ஓலை இறக்கிவிட்டுத் திரும்பியவர்களின் கணக்கும் நினைவுக்கு வரும். மாளிகையை வெறுக்கச் சொல்லவில்லை. அந்தத் தரையை இழைத்த கைகளும் நம்முடையவைதான். வெறுத்தால் அவர்களையும் சேர்த்தல்லவா வெறுக்க வேண்டும்?

அரண்மனையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போனால் உதயகிரிக் கோட்டை. எங்கள் பக்கத்தில் ‘டிலனாய் கோட்டை’ என்றால்தான் தெரியும். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றபோது சிறைப்பட்ட அதிகாரி யூஸ்டாகியுஸ் டிலனாய். பின்பு மார்த்தாண்ட வர்மாவின் படைகளைப் பயிற்றுவித்து ‘வலிய கப்பித்தான்’ ஆனார். உதயகிரியைக் கருங்கல் மதில்களோடு திரும்பக் கட்டுவித்தார். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை வைத்தார். தம் எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார். ஆவணப்படம் பார்த்த மகளுக்கு நான் ஒளித்து வைத்திருந்த பரிசு இவர்தான். டிலனாயை டச்சுக்காரர் என்றே பள்ளியில் படிக்கிறோம். அவர் பணிபுரிந்தது டச்சுக் கும்பினியில். பிறந்த ஊராக நூல்கள் குறிப்பது அர்ராஸ். அது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பிரெஞ்சு முடியின் கீழ் இருந்த பிளெமிய மரபு நகரம். அங்கே பதினான்காம் லூயியின் கோட்டைச் சிற்பி வோபான் 1668 முதல் 1672 வரை எழுப்பிய ஐங்கோணக் கோட்டை இன்றும் உள்ளது. வோபானின் மற்றக் கோட்டைகளோடு 2008இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. பெரிய முற்றுகை எதையும் தடுக்கும் வாய்ப்பு அதற்கு வாய்க்காததால் ஊரார் அதைப் ‘பயனற்ற பேரழகி’ என்பார்கள். அப்படியொரு கோட்டையுள்ள ஊரிலிருந்து வந்தவர் வேளிமலை அடிவாரத்தில் கல் அடுக்கினார். உதயகிரியும் பெரும்போர் பார்க்கவில்லை; 1809இல் வேலுத்தம்பியின் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படையிடம் போயிற்று. இன்று அது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மானும் மயிலும் உண்டு. ஷாம்போரின் வேட்டைக்காடு போல என்று மகளிடம் சொல்லலாம். சீட்டு வாங்கினால் யாரும் நுழையலாம்.

உள்ளே இடிந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777 ஜூன் முதல் நாள் இறந்தார். கல்லில் இலத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். முதுகலை மாணவனாக அங்கே முதன்முதல் போனபோது அந்தத் தமிழ் எழுத்துகளை விரலால் தடவிப் படித்தது நினைவிருக்கிறது. இன்று அதைவிட வேறொன்று மனத்தில் நிற்கிறது. கிறிஸ்தவர் என்பதால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அவருக்கு நுழைவு இல்லை என்றும், அதனாலேயே உதயகிரியில் குடியிருந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அரசின் மதில்களைக் கட்டியவர், அதன் படைத்தலைவர். அவருக்கும் அந்த இரண்டு கிலோமீட்டர் சாலை அரண்மனை வாசலில் முடிந்துபோயிற்று. ஓலை சுமந்த என் முப்பாட்டிக்கு முடிந்த அதே வாசல். ஒருவர் கப்பித்தான், ஒருவர் பெயரில்லாதவர்; ஒப்பிடுவது நியாயமில்லை என்பதை அறிவேன். அவருக்குக் கல்லறை உண்டு, இரு மொழியில் எழுத்து உண்டு. என் முப்பாட்டிக்கு என் தாயாரின் வெற்றிலைப் பேச்சு உண்டு.

மிதிவண்டிகள் நான்கு. இரண்டு கைவசம் உள்ளன. இரண்டை விதுரையில் வாடகைக்குப் பேசியிருக்கிறோம். தாயார் மிதிக்க மாட்டார் என்பதால் பேருந்தில் முன்னால் போய்க் குழித்துறையில் உறவினர் வீட்டில் காத்திருப்பார். அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் பத்மநாபபுரம் வந்து, எங்களுக்கு முன்பாக வாசலில் இறங்கி நிற்பது அவர் திட்டம். இதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். துணைவிதான் கொஞ்சம் தயங்கினார். கல்லூரி நாட்களுக்குப் பிறகு மிதித்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஊர் ஊராகப் பெண்கள் மிதிவண்டி கற்றதை நினைவூட்டினேன். “அவங்களுக்கு யாரும் இருபத்திரண்டு வளைவு காட்டிப் பயமுறுத்தல” என்றார். நாங்கள் பொன்முடி ஏறப்போவதில்லை, இறக்கத்தில்தான் புறப்படுகிறோம் என்று மூன்று முறை விளக்க வேண்டியதாயிற்று. திரும்பி வரத் தக்கலையில் குட்டியானை வண்டி ஒன்று சொல்லியாயிற்று.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, வியாழக்கிழமை காலை புறப்பாடு என நிலப்படத்தின் ஓரத்தில் எழுதினேன். மகள் விரல்விட்டு எண்ணினாள். ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. அவ்வளவு வரலாறு பேசிய அப்பா வாசல் பூட்டியிருக்கும் நாளில் பாட்டியைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தாரே என்று வீடே சிரித்தது. வியாழனை அடித்துவிட்டு வெள்ளி என்று எழுதியிருக்கிறோம். மழை இன்னும் விடவில்லை.